பூட்டும் டிபரன்சியல்

பூட்டும் டிபரன்சியல் என்பது ஊர்தியின் இயக்க அச்சிலுள்ள இரு சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுழலுமாறு பிணைக்கவல்ல பல்லிணை அமைப்பு ஆகும். சாதாரண டிபரன்சியலில் ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் அது மட்டுமே சுழன்று, ஊர்தி நகராது நின்றுவிடும். பூட்டு இக்குறையை நீக்குகிறது. டிராக்டர்களில் இது பெரும்பாலும் மிதியால் இயக்கப்படுகிறது.

பராமரிப்பு

ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கிய நிலையில் எஞ்சினால் அச்சை இயக்கலாகாது. பூட்டு பற்றியிருப்பின் தரையிலுள்ள சக்கரத்துக்கும் விசை சென்று, ஊர்தி ஜாக்கிலிருந்து சரியக்கூடும். எனவே மற்ற சக்கரங்களுக்கு அடைகட்டை இட்டு, அச்சின் இரு பக்கங்களையும் உயர்த்தித் தாங்கிகளின் மீது நிறுத்துதல் வேண்டும்.

ஓட்டுநர் இயக்கும் வகையைச் சோதிக்க, எஞ்சினை நிறுத்திக் கியரில் வைத்து, ஒரு சக்கரத்தைக் கையால் சுழற்ற வேண்டும். மற்றது எதிர்த்திசையில் சுழன்றால் பூட்டு விடுபட்டுள்ளது. பூட்டு பற்றியிருப்பின் இரண்டும் சுழலா.

வடித்த எண்ணெயில் நுண்ணிய இரும்புத்தூள் காணப்படுவது இயல்பே. உலோகச் சில்லுகள் இருப்பின் பற்கள் உடைந்திருக்கலாம் என்பதால், பெட்டியைத் திறந்து ஆராய வேண்டும். தயாரிப்பாளர் குறிப்பிட்ட வகை எண்ணெயையே மீண்டும் நிரப்புதல் வேண்டும்.

கெட்டியான சாலையில் பூட்டியபடி திரும்புவது அச்சுத்தண்டுகளையும் டயர்களையும் சேதப்படுத்தும்.