அச்சேறிய பின்னும் ஒரு தடை

'இந்து மதத்தின் புதிர்கள்' நூலை அண்ணல் அம்பேத்கர் அச்சில் பார்க்கவில்லை. 1956இல் அவர் மறைந்தபோது அது கையெழுத்துப் பிரதியாகவும் தட்டச்சுப் பிரதியாகவும் கிடந்தது. 1987இல் மகாராஷ்டிர அரசு வெளியிட்டதுதான் தாமதம், இராமனையும் கிருஷ்ணனையும் விசாரிக்கிற பின்னிணைப்பை நீக்கு என்று சிவசேனா கிளம்பியது. 1988 ஜனவரியில் அமராவதியில் நூலைக் கொளுத்தினார்கள். அரசும் நீக்கிவிடச் சம்மதித்தது. சட்டமில்லை, வழக்கில்லை, நீதிபதியில்லை. மிரட்டினால் போதும் என்றாகிவிட்டது.

பிப்ரவரியில் நம் சனம் லட்சக்கணக்கில் பம்பாய்த் தெருக்களில் இறங்கியது. அவர்கள் கூடிக் கலைந்த ஹுதாத்மா சவுக்கில் சிவசேனாக்காரர்கள் தீட்டுக் கழித்தார்கள். புத்தகம் மட்டுமா தீட்டு, நம்ம காலடியும் தீட்டுதான்! ஆனாலும் பின்னிணைப்பு தப்பியது: இக்கருத்துக்களோடு அரசுக்கு உடன்பாடில்லை என்ற குறிப்போடு.