சாகாத ஹார்ட் டிஸ்க் உண்டா? ஜக்கார்டு அட்டை முதல் நாஸ் பெட்டி வரை

எங்கள் தெருவில் ஒரு கம்ப்யூட்டர் எம்பிராய்டரி யூனிட் இருக்கிறது. கீழே மெஷின், மேலே வீடு. திருப்பூரில் இது சகஜம். போன மாதம் அவர்களுடைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டு அடங்கிவிட்டது. ஆறு வருட டிசைன்கள் அதில் மட்டும்தான் இருந்தன. மூன்றாம் நாளே பழைய பையரிடமிருந்து ரிப்பீட் ஆர்டர். அதே லோகோ, அதே தையல் வேண்டுமாம். பீரோவில் கிடந்த பழைய சாம்பிள் துணியைப் பார்த்து, ராத்திரி பகலாக முதலிலிருந்து டிசைன் போட்டார்கள்.

"வீட்டுலயே ஒரு நாஸ் பெட்டி வெச்சுரலாம்னு இருக்கேன் தம்பி. சாகாத டிஸ்க் எந்தக் கம்பெனில கிடைக்கும்?" என்று யூனிட் அண்ணன் என்னிடம் கேட்டார். நாஸ் என்பது வீட்டு நெட்வொர்க்கில் எல்லாக் கம்ப்யூட்டரும் பகிர்ந்துகொள்ளும் டிஸ்க் பெட்டி. அவருக்குப் பதில் தேடப் போன எனக்குக் கிடைத்தது ஒரு வரலாறு.

தறியில் தொடங்கிய கதை

டிசைனைச் சேமித்து வைப்பது துணிக்காரர்களுக்குப் புதிதல்ல. 1804-இல் பிரான்சின் ஜோசப் மரி ஜக்கார்டு, பூவேலையை அட்டையில் துளைகளாகச் சேமிக்கும் தறியை உருவாக்கினார். துளை இருந்தால் நூல் எழும்பும், இல்லாவிட்டால் எழும்பாது. காஞ்சிபுரம் பட்டுத் தறிகளின் மேல் உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டி அந்த வம்சம்தான்.

இந்தத் துளை அட்டையை அமெரிக்காவின் ஹெர்மன் ஹொலரித் 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பயன்படுத்தினார். அவருடைய கம்பெனி வேறு சில கம்பெனிகளோடு இணைந்து, 1924-இல் ஐபிஎம் என்று பெயர் பெற்றது. அதே ஐபிஎம்தான் 1956-இல் உலகின் முதல் ஹார்ட் டிஸ்க்கை வெளியிட்டது. 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள், எடை சுமார் ஒரு டன், கொள்ளளவு வெறும் 50 லட்சம் எழுத்துகள். ஆக, ஹார்ட் டிஸ்க்கின் பாட்டன் ஒரு நெசவுத் தறி!

எம்பிராய்டரி மெஷின்களும் ஒரு காலத்தில் துளையிட்ட காகித நாடாவைத்தான் படித்தன. பிறகு ஃப்ளாப்பி வந்தது, அதற்கும் பிறகு பென் டிரைவ். டிசைன் போடுவதை இன்றும் 'பஞ்சிங்' என்கிறோமே, அது அந்தத் துளையின் மிச்சம். ஒரே ஒரு வித்தியாசம்தான். ஓர் அட்டை கிழிந்தால் அதை மட்டும் மாற்றலாம். டிஸ்க் போனால் மொத்தமும் போய்விடும்.

நல்ல பெயர் காப்பாற்றுமா?

ஹார்ட் டிஸ்க்கைக் கண்டுபிடித்த ஐபிஎம்மே 2000-இல் வெளியிட்ட டெஸ்க்ஸ்டார் 75ஜிஎக்ஸ்பி என்ற டிஸ்க் அடுத்தடுத்துப் பழுதானது. ஜனங்கள் அதற்கு 'டெத்ஸ்டார்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். 2001-இல் வழக்கும் வந்தது. 2002-இல் தன் டிஸ்க் தொழிலையே ஹிட்டாச்சிக்கு விற்க ஐபிஎம் ஒப்பந்தம் செய்துகொண்டது.

பிற்காலத்தில் பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம், தன்னிடம் ஓடும் ஆயிரக்கணக்கான டிஸ்க்குகளில் எது எத்தனை பழுதாகிறது என்று 2013 முதல் வெளியிடத் தொடங்கியது. அதில் சீகேட்டின் ஒரு 3 டெராபைட் மாடல் மிக மோசமாக இருந்தது. அதே சீகேட்டின் 4 டெராபைட் மாடலோ எவ்வளவோ மேல். எனவே கம்பெனிப் பெயரை விட மாடல் எண்ணைப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

2007-இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகள் இன்னும் முக்கியமானவை. டிஸ்க்கின் சராசரி ஆயுள் 10 லட்சம் மணி நேரம், அதாவது நூறு வருடத்துக்கு மேல் என்று கம்பெனிகள் அச்சிடுகின்றன. அந்தக் கணக்குப்படி வருடத்துக்கு நூற்றில் ஒன்று கூடப் பழுதாகக் கூடாது. கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுமார் ஒரு லட்சம் டிஸ்க்குகளைப் பார்த்தபோது 2 முதல் 4 சதவீதம் சாதாரணமாக இருந்தது, சில இடங்களில் 13 சதவீதம் வரை போனது. கூகுளின் ஆய்வோ, பழுதான டிஸ்க்குகளில் பாதிக்கு மேல் முக்கியமான நான்கு எச்சரிக்கைக் குறிகளில் ஒன்றைக் கூடக் காட்டவில்லை என்றது. நம் அண்ணனின் டிஸ்க்காவது 'டிக் டிக்' என்றது!

அப்படியானால் என்ன வாங்குவது?

1988-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் மூவரும் இந்தக் கேள்வியையே மாற்றிப் போட்டார்கள். விலை உயர்ந்த ஒரே டிஸ்க்கை நம்பாமல், மலிவான பல டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்று செத்தாலும் மற்றவை தாங்கும்படி அமைப்பது. இதுதான் ரெய்டு. இரண்டு டிஸ்க் போடும் நாஸ் பெட்டியில் இதுவே நடக்கிறது.

டிஸ்க் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. நாளெல்லாம் ஓடுவதற்கென்று செய்த நாஸ் டிஸ்க்காக இருக்கட்டும். எஸ்எம்ஆர் வகை வேண்டாம். ஓடு வேய்வது போலத் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் வகை அது. செத்த டிஸ்க்குக்குப் பதில் புதியது போடும்போது திணறும். நாஸ்க்கென்றே விற்ற வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் டிஸ்க்குகள் சிலவற்றிலும் இது சொல்லாமல் வந்திருந்தது 2020-இல் தெரியவந்தது. இரண்டு டிஸ்க்கையும் ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து வாங்காதீர்கள். ஒன்றாகப் பிறந்தவை ஒன்றாகச் சாகலாம். யூபிஎஸ் கட்டாயம். 2012 மின்வெட்டைப் பார்த்த ஊருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ரெய்டும் முழுக் காவல் இல்லை. தவறி ஒரு ஃபைலை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அழியும். தீ, வெள்ளம், திருட்டு என்றால் பெட்டியோடு போகும். ஆகவே வேறு வீட்டில் இன்னொரு பிரதி இருக்க வேண்டும்.

நம் பழைய நூல்கள் பிழைத்ததும் இப்படித்தான். எந்த ஓலைச்சுவடியும் சாகாவரம் பெற்றதல்ல, கரையான் எல்லாவற்றையும் தின்னும். பல ஊர்களில் பலர் திரும்பத் திரும்பப் படி எடுத்ததால்தான் உ.வே.சா. ஏடுகளை ஒப்பிட்டு 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட முடிந்தது.

"சாகாத டிஸ்க் கிடையாதுங்கண்ணா. ரெண்டு வாங்குங்க, மூணாவது ஒண்ணு உங்க தங்கச்சி வீட்டுல இருக்கட்டும்" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த சாம்பிள் துணி பீரோல இருந்துச்சு பாரு தம்பி, அதுவும் ஒரு காப்பி தானே" என்றார். இவ்வளவு படித்தும் எனக்கு அது தோன்றவில்லை.