சிபாப் கருவியும் இரவின் ஆவணமும்: ஒரு சிறு வரலாறு

உல்லாஸ்நகரில் எங்கள் வீட்டில் தந்தையின் கட்டிலருகே ஒரு சிபாப் கருவி இருக்கிறது. அதன் பக்கவாட்டில் அஞ்சல்தலை அளவில் ஒரு நினைவு அட்டை. கருவி வாங்கிப் பதினான்கு மாதங்கள் வரை அந்த அட்டையை எவரும் வெளியே எடுக்கவில்லை. விற்றவர் அழுத்தத்தை அமைத்துக் கொடுத்துச் சென்றார். அதன்பின் எவரும் கேட்கவில்லை. ஆவணக் காப்பகங்களைத் தேடி அலையும் எனக்கு, என் வீட்டிலேயே இரவுதோறும் ஓர் ஆவணம் எழுதப்பட்டு வந்தது தெரியாமற் போயிற்று. அந்த வெட்கமே இப்பதிவுக்குக் காரணம்.

தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுவதே ஸ்லீப் ஆப்னியா. 1970களில் ஸ்டான்ஃபோர்டில் கியோமினோவும் அவருடைய குழுவினரும் இதைத் தனி நோயாக வரையறுத்தனர். பத்து நொடியேனும் மூச்சு நின்றால் அது ஒரு நிகழ்வு என்ற கணக்கு அப்போது நிலைபெற்றது. நோய்க்குப் பெயர் கிடைத்தது, சிகிச்சையோ கொடியது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயைத் திறப்பதே வழி.

1980இல் சிட்னியில் காலின் சல்லிவன் வேறொரு வழி கண்டார். மூக்கின் வழியே மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்திக்கொண்டே இருந்தால், அக்காற்றே உள்ளிருந்து தாங்கும் தூணாகித் தொண்டையை மூடவிடாது. 1981இல் ‘லான்செட்’ இதழில் வெளியான கட்டுரையில் நோயாளிகள் ஐவர் மட்டுமே. பயன்பட்ட அழுத்தம் 4.5 முதல் 10 சென்டிமீட்டர் நீர் அளவு. ஒரு தம்ளர் நீரின் ஆழத்துக்கு மேற்படாத இந்த அழுத்தம், கத்தியின் வேலையை இல்லாமலாக்கியது. முகமூடியை இரவுதோறும் பசைகொண்டு முகத்தில் ஒட்ட வேண்டியிருந்தது. காற்றூதியும் பேரிரைச்சல் இட்டது. ஆயினும் நோயாளிகள் அதை வீட்டுக்கு எடுத்துச் சென்றனர்.

வீட்டுக்குச் சென்றதும் மருத்துவத்துக்கு ஓர் ஐயம் எழுந்தது: நோயாளி உண்மையிலேயே இதை அணிகிறாரா? 1993இல் க்ரிப்ஸும் அவருடைய குழுவினரும் 35 பேரின் கருவிகளில் நேரங்காட்டிகளை வைத்து அளந்தனர். இரவுகளில் 70 விழுக்காட்டிலேனும் நான்கு மணி நேரம் அணிவதே ஒழுங்கான பயன்பாடு என வகுத்துக்கொண்டனர். பாதிக்கும் குறைவானவர்களே அதை எட்டினர். சொன்ன நேரத்தைவிட அளந்த நேரம் குறைவு. ஓர் ஆய்வின் வசதிக்காக வகுத்த இந்த நான்கு மணி நேரம், பிற்பாடு அமெரிக்காவில் மெடிகேர் காப்பீட்டின் விதியாயிற்று. எண்ணை எட்டாதவர் கருவியை இழக்க நேரும். தரவு நோயாளிக்கு உதவுவதற்கு முன்பே அவரைக் கண்காணிக்கக் கற்றுக்கொண்டது என்றே நான் வாசிக்கிறேன்.

நம் ஊர்க் கதை வேறு. 2004இல் மும்பை இந்துஜா மருத்துவமனையின் ஜரீர் உத்வாடியாவும் உடன் ஆய்வாளர்களும் ஒரு முக்கியமான ஆய்வை வெளியிட்டனர். வழக்கமான உடற்பரிசோதனைக்கு வந்த 35 முதல் 65 வயது வரையிலான ஆண்கள் 658 பேர். அவர்களுள் 250 பேரின் ஓரிரவுத் தூக்கம் அவரவர் வீட்டிலேயே பதிவு செய்யப்பட்டது. 19.5 விழுக்காட்டினருக்கு உறக்க மூச்சுக்கோளாறு. பகல்நேர உறக்கமும் சேர்ந்த நோய்நிலை 7.5 விழுக்காட்டினருக்கு. மும்பையின் குறட்டைக்கு முதன்முறையாக ஓர் எண் கிடைத்தது. பெண்கள் அதில் இல்லை. உடற்பரிசோதனைக்கே போகாதவர்களும் இல்லை. கர்ஜத் லோக்கலில் நின்றவாறே உறங்கும் மனிதரை நாம் உழைத்துக் களைத்தவர் என்றே எண்ணுகிறோம். என் தந்தையையும் அவ்வாறே எண்ணினோம்.

இங்குப் பெரும்பாலோர் கைக்காசு கொடுத்தே கருவி வாங்குகின்றனர். ஆகவே எவரும் கண்காணிப்பதில்லை. எவரும் வாசிப்பதுமில்லை.

அட்டையை வாசிக்கும் கலையை உலகுக்குத் தந்தவர்களுள் நோயாளிகள் முன்னிற்கின்றனர். ஆஸ்திரேலியரான மார்க் வாட்கின்ஸ் உருவாக்கிய ‘ஸ்லீப்பிஹெட்’ என்னும் இலவச மென்பொருளும், 2019இல் அவர் விலகியபின் அதன் வழித்தோன்றலாக வந்த ‘ஆஸ்கர்’ மென்பொருளும் ஒவ்வோர் இரவையும் நிமிட வாரியாக விரித்துக் காட்டுகின்றன. அதில்தான் தந்தையின் இரவைப் பார்த்தேன். மணிக்கு எத்தனை முறை மூச்சுத் தடைபட்டது என்னும் ஏஹெச்ஐ எண் 11. ஐந்துக்குக் கீழே இருந்திருக்க வேண்டும். அழுத்தம் போதவில்லை என்றே முதலில் நினைத்தேன். கசிவுக் கோட்டைக் கண்டதும்தான் விளங்கிற்று: இரண்டு மணிக்குமேல் வாய் திறந்து காற்று வெளியேறியிருந்தது. கசிவு மிகும்போது கருவியின் எண்ணிக்கையே நம்பத்தக்கதன்று. அழுத்தத்தை நாமாகக் கூட்டியிருந்தால் கசிவு பெருகியிருக்கும். சிலருக்கு மூளையே மூச்சுக் கட்டளையை நிறுத்திவிடும் வேறுவகை ஆப்னியாவும் தோன்றக்கூடும். வரைபடத்தை அச்சிட்டு நுரையீரல் மருத்துவரிடம் கொண்டுசென்றோம். அவர் அழுத்தத்தைத் தொடவில்லை. வாயையும் மூடும் முகமூடிக்கு மாற்றினார். இரு வாரங்களில் எண் மூன்றாயிற்று.

இப்போது அப்பா காலையில் கருவியின் திரையைப் பார்த்து, நாட்காட்டியில் பால் கணக்குக்குப் பக்கத்தில் அந்த எண்ணைப் பென்சிலால் குறிக்கிறார். சென்ற புதன்கிழமைக்கு எதிரே மட்டும் எண் இல்லை. “கரண்ட் இல்லை” என்று எழுதியிருக்கிறார்.