குரோட்டன்ஸ்

வண்ண இலைகளுக்காகவே வளர்க்கப்படும் பசுமை மாறாப் புதர்ச்செடி. தாவரவியல் பெயர் கோடியேயம் வேரிகேட்டம். ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. பேதி மருந்தான நேர்வாளமும் இதே குடும்பம்தான். ஆனால் பேரினம் வேறு. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இரண்டையும் குரோட்டன் பேரினத்தில் சேர்த்திருந்தார். தோட்டச் செடி பிறகு பிரிக்கப்பட்டும் பழைய பெயர் வழக்கில் நிலைத்துவிட்டது.

இந்தோனேசியா, மலேசியா, வடகிழக்கு ஆஸ்திரேலியா, மேற்குப் பசிபிக் தீவுகள் இதன் தாயகம். சுமார் 3 மீட்டர் உயரம் வளரும். தடித்த, பளபளப்பான இலைகளில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, கருஞ்சிவப்பு எல்லாம் கலந்திருக்கும். இலை வடிவமும் வியப்புக்குரியது: நாடாபோல் நீண்டவை, திருகியவை, மடல் பிரிந்தவை எனப் பல. சில வகைகளில் இலைப்பரப்பு நடுவில் அற்று, வெறும் நரம்பு மட்டும் நீண்டு, அதன் நுனியில் இன்னொரு சிற்றிலை தொங்கும். துளிர் பெரும்பாலும் பச்சையாகவே வரும்; முற்ற முற்ற நிறம் ஏறும். பூக்கள் சிறியவை, அழகுக்கு உதவாதவை.

வேலி ஓரம், தொட்டி, மலர் அலங்காரம் ஆகியவற்றுக்கு ஏற்றது. விதைச் செடியில் தாயின் நிறம் அப்படியே வராது. எனவே தண்டுக்குச்சி அல்லது விண்பதியமே சிறந்தது. நீர் தேங்காத மண்ணும் நல்ல வெளிச்சமும் வேண்டும். நிழலில் நிறம் மங்கும். இடம் மாற்றினால் இலை உதிர்வது இயல்பு, விரைவில் மீண்டும் துளிர்க்கும். மாவுப்பூச்சி, சிலந்திப்பேன் தாக்கும்.

இதன் பால் தோலில் அரிப்பை உண்டாக்கும். கவாத்து செய்யும்போது கையுறை அணியவும்.