காரீயக் கல்லும் காணாக் கதிரும்

1800-ஆம் ஆண்டில் வில்லியம் எர்செல் என்பார், நிறமாலையின் செந்நிறத்திற்கு அப்பால் வெப்பமானியை வைத்துக் கட்புலனாகாக் கதிரொன்றைக் கண்டார். அப்பால் நிற்பதனை 'அகச்சிவப்பு' என நாம் வழங்குதல் பொருந்துமா என்பது ஆராய்தற்குரியது. 'கீழ்ச்சிவப்பு' என்பதே மூலச்சொற்பொருளுக்கு நெருங்கியதாம்.

கல்கத்தாவில் சகதீச சந்திர போசர், கலீனா என்னும் காரீயக் கந்தகக் கனிமத்தைக் கதிருணர் கருவியாக்கி, 1901-இல் விண்ணப்பித்து 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். மின்னலைக்கும் ஒளிக்கும் அஃதொன்றே உணரியாயிற்று. வெப்பமே மின்னணுக்களை எழுப்பி இரைச்சல் விளைத்தலின், நீள்அலை உணரிகள் பலவற்றைக் குளிர்வித்தல் வேண்டும். இந்நாளிலோ அதே காரீயக் கந்தகத்தை நானோமீட்டர் அளவுத் துகள்களாக்கி, பருமனை மாற்றியே உணரத்தக்க அலைநீளத்தை வரையறுக்கின்றனர். குற்றலைக் கீழ்ச்சிவப்பில் அவை அறைவெப்பநிலையிலேயே தொழிற்படுகின்றன.

இதுகொண்டு போசரை நானோ உணரியின் தந்தை எனச் சிலர் கூறுவரேல், அது மிகையாம். பொருள் ஒன்றே, பருமனால் இயல்பு திரியும் என்னும் நெறியோ அவர் காலத்திற்குப் பிற்பட்டது.