றீபாக் சரிவும் மலைச் சைக்கிளும்

துவிச்சக்கரவண்டி நல்ல வீதிக்கென்று பிறந்த வாகனம் எனப் பலர் எண்ணுவர். அது முற்றும் உண்மையன்று. தார் வீதிகள் பரவுவதற்கு முன்னரே சைக்கிள் பரவிவிட்டது. 1897ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவத்தின் 25ஆம் காலாட்படையைச் சேர்ந்த கறுப்பினப் போர்வீரர் மிசூலா நகரிலிருந்து செயின்ற் லூயிஸ் நகர்வரை, மலையும் சேறும் மணலும் கடந்து, ஏறத்தாழ 1,900 மைல் தூரத்தைச் சைக்கிளிலேயே சென்றடைந்தனர். ஆயினும் அவர்கள் வழியிற் கண்ட துன்பங்களை நீக்கும்பொருட்டு வண்டியின் உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றியமைக்கும் முயற்சி முக்கால் நூற்றாண்டின் பின்னரே முழு உருப்பெற்றது. அம்முயற்சி நிகழ்ந்த இடம் கலிபோர்னியாவின் மரின் மாவட்டமாகும்.

சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே, பாலத்திற்கு அப்பால், தமல்பைஸ் என்னும் மலை உண்டு. உயரம் ஏறக்குறைய 2,570 அடி. பெயரைக் கேட்டவுடன் தமிழ்ச்செவி சற்றே நிமிரக்கூடும். ஆயின் அதற்கும் நம் மொழிக்கும் உறவு யாதுமில்லை. அப்பிரதேசத்தின் ஆதிக்குடிகளான மிவோக் மக்களின் மொழியில் அது மேற்குக் குன்று எனப் பொருள்படும். இம்மலையிலும் அயலிலுள்ள குன்றுகளிலும் காட்டுத்தீயை அணைக்கச் செல்வோருக்கென வெட்டிய மண்பாதைகள் பல உள. 1970களின் தொடக்கத்தில் அவ்வூர் இளைஞர் சிலர் இப்பாதைகளிற் சைக்கிளில் இறங்கி விளையாடத் தலைப்பட்டனர்.

அவர்கள் தெரிந்தெடுத்த வண்டி புதியதன்று. ஷ்வின் நிறுவனம் 1933ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அறிமுகஞ் செய்த, இரண்டு அங்குலத்துக்கு மேற்பட்ட அகலமுடைய பருத்த ரயர் பூட்டிய பழைய பையன்கள் சைக்கிளே அது. கொட்டில்களிலும் பழம்பொருட் கடைகளிலும் கிடந்த அவ்வண்டிகளைச் சில டொலருக்கு வாங்கலாம். ஐரோப்பியப் பந்தயச் சைக்கிளின் மெல்லிய ரயர் கல்லிற் பட்டவுடன் வெடிக்கும். பருத்த ரயரோ குறைந்த காற்றழுத்தத்தில் ஓடித் தானே ஒரு மெத்தைபோல் அதிர்ச்சியை ஏற்றுக்கொள்ளும். மலைச் சைக்கிளின் முதல் உண்மை இந்த ரயரே. பின்னர் வந்த யாவும் இதனைச் சுற்றி அமைந்தவை எனலாம்.

பெயர்பெற்ற சரிவு பெயர்பாக்ஸ் என்னும் சிற்றூருக்கு மேற்கேயுள்ள பைன் மலையில் இருந்தது. ஏறக்குறைய 2 மைல் தூரத்தில் 1,300 அடி இறங்கும் பாதை அது. 100 அடி முன்செல்ல 12 அடி கீழிறங்க வேண்டும். பழைய சைக்கிளில் இருந்த பிறேக் ஒன்றே. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சில்லின் குடத்தினுள் உராய்வு ஏற்பட்டு வண்டி நிற்கும். சமவெளியில் இது போதும். இச்சரிவிலோ, இறங்குவோனின் எடையும் வேகமும் சேர்ந்து உண்டாக்கும் வெப்பம் முழுவதும் அச்சிறு குடத்தினுள்ளேயே அடங்கவேண்டும். அதனுள் இருந்த கிறீஸ் உருகிப் புகையாய்ப் போகும். அடிவாரத்தை அடைந்தபின் குடத்தைக் கழற்றிப் புதிய கிறீஸை மீண்டும் அடைத்தாலன்றி அடுத்தமுறை இறங்க இயலாது. மீண்டும் அடைத்தல் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லே அச்சரிவுக்குப் பெயராயிற்று. றீபாக் என்று உலகம் அதனை அறிந்தது.

1976ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி அங்கு முதலாவது நேரப்போட்டி நடந்தது. அலன் பொண்ட்ஸ் என்பவர் வென்றார். விழாமல் இறங்கியவர் அவர் ஒருவரே என்பதை அறிந்தால் வெற்றியின் காரணம் விளங்கும். போட்டிகளை ஒழுங்குசெய்தவர் சார்ளி கெலி. பின்னர் கரி பிசர் 4 நிமிடம் 22 செக்கனில் இறங்கி நாட்டிய சாதனையை ஜோ பிறீஸ் இரண்டு செக்கன் வித்தியாசத்தில் நெருங்கினார், கடக்கவில்லை.

விழுந்தவன் தன் தோலைக் கொடுத்தான். வண்டி தன் உறுப்பைக் கொடுத்தது. உடைந்தது எதுவோ அதனிலும் வலியதைத் தேடுவதே அவர்களது ஆராய்ச்சிமுறை. ஆய்வுகூடம் இல்லை, சரிவே ஆய்வுகூடம். பின்பெடல் பிறேக்குக்குப் பதிலாக இருவர் செலுத்தும் சைக்கிளின் உருளை பிறேக்கும், அதனை இழுக்க மோட்டார் சைக்கிளின் நீண்ட பிறேக் பிடியும் வந்தன. நீண்ட பிடி என்பதன் பயன் நெம்புகோல் தத்துவம் கற்ற மாணவனுக்குச் சொல்லாமலே விளங்கும்: விரலின் சிறு விசை கம்பியிற் பெருவிசையாகும். பாறையிற் குதிக்கும்போது கையை எடுக்காமற் கியரை மாற்றப் பெருவிரலால் தள்ளும் நெம்பு ஹாண்டிலின் மேலேறியது.

இங்கே ஒரு நீதி சொல்லவேண்டும். பழைய பருத்த ரயர் வண்டியில் பல கியர்களை முதலிற் பூட்டியவர்கள் மரின் இளைஞர் என்று எழுதுவாருளர். 1974ஆம் ஆண்டு டிசெம்பர் முதலாந் திகதி மில்வலியில் நடந்த ஒரு சேற்றுநிலப் போட்டிக்குத் தெற்கேயுள்ள கூப்பர்ட்டினோ ஊரிலிருந்து றஸ் மகோன் முதலிய மூவர் வந்தனர். அவர்களது வண்டிகளில் பல கியர்களும், பெருவிரல் நெம்பும், உருளை பிறேக்கும் ஏற்கெனவே இருந்தன. மரின் இளைஞர் அதனைக் கண்டு வியந்தனர். கூப்பர்ட்டினோக் குழு பின்னர் கலைந்து போயிற்று. மரின் குழு தொழிலாக வளர்ந்தது. புகழும் வளர்ந்தவர் பக்கமே சென்றது.

கியர்கள் வந்ததன் பயன் பெரிது. அதற்குமுன் மலையுச்சிக்கு வண்டியைத் தள்ளிச் செல்லவேண்டும், அல்லது லொறியில் ஏற்றவேண்டும். இப்போது மிதித்தே ஏறலாம் என்றாயிற்று. இறங்கும் விளையாட்டு பயணமாக மாறியது அப்பொழுதே.

இத்தனை உறுப்பும் மாறியபின் எஞ்சியது பழைய இரும்புச் சட்டம். அது வளைந்தது, முறிந்தது. நல்ல பழஞ்சட்டங்களும் அருகிவந்தன. கெலியின் வேண்டுகோளின்பேரில் ஜோ பிறீஸ் 1977ஆம் ஆண்டில் குரோமியமும் மொலிப்டினமும் கலந்த உருக்குக் குழாய்களாற் புதிய சட்டமொன்றைக் கட்டினார்; அடுத்த ஆண்டில் மேலும் ஒன்பது முடிந்தன. மலைப்பாதைக்கென்றே புதிதாகக் கட்டிய நவீன சைக்கிள்களின் வரிசை இவற்றிலிருந்தே எண்ணப்படுகிறது. ஏறக்குறைய 38 இறாத்தல் எடையுள்ள அம்முதல் வண்டி இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று நூதனசாலையின் உடைமை.

எடையைப் பற்றி ஒரு சொல். சைக்கிளில் எல்லா இறாத்தலும் ஒன்றல்ல. சட்டத்திலுள்ள எடை முன்னே செல்கிறது; சில்லின் விளிம்பிலுள்ள எடை முன்னே செல்வதோடு சுழலவும் வேண்டும். ஆகவே ஒவ்வொரு முறை வேகமெடுக்கும்போதும் விளிம்பின் எடைக்கு இருமடங்கு உழைப்புச் செல்லும். பாரமான உருக்கு றிம்முக்குப் பதிலாக அகன்ற அலுமினிய றிம் 1970களின் இறுதியிற் கிடைத்தபோது வண்டி புத்துயிர் பெற்றதன் காரணம் இதுவே. அலுமினிய றிம் ஈரத்திலும் பிறேக் கட்டையை நன்கு பற்றும் என்பது இன்னொரு இலாபம்.

1979ஆம் ஆண்டில் பிசரும் கெலியும், ரொம் றிச்சி கட்டிய சட்டங்களைக் கொண்டு ஒரு வியாபாரம் தொடங்கினர். 1981இல் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனத்தின் ஸ்ரம்ப்ஜம்பர் சந்தைக்கு வந்தது. அதன்பின் யப்பானிய உற்பத்தியாளர் விழித்துக்கொண்டனர். 1982இல் ஷிமானோ நிறுவனம் மலைப்பாதைக்கென்றே முழுத்தொகுதி உறுப்புகளை வெளியிட்டது. மோட்டார் சைக்கிளிலிருந்தும் பழம்பொருட் கடையிலிருந்தும் பொறுக்கிச் சேர்த்த காலம் அத்துடன் முடிந்தது. 1989இல் போல் ரேணரின் றொக்‌ஷொக்ஸ், காற்றையும் எண்ணெயையும் கொண்டு அதிர்ச்சி தாங்கும் முன்கவையை விற்பனைக்குக் கொணர்ந்தது. அடுத்த ஆண்டு கொலராடோவின் டுராங்கோவில் நடந்த முதலாவது உலகப் போட்டியில் கிரெக் ஹேர்போல்ட் அத்தகைய கவையுடன் இறங்கிச் சரிவுப் பந்தயத்தை வென்றார். 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிளுக்கும் இடம் கிடைத்தது. தட்டு பிறேக், ரியூப் இல்லாத ரயர் என்பன பின்னர் வந்தன.

ஆனால் பிறந்த ஊரிலேயே மலைச் சைக்கிளுக்கு வரவேற்புக் குன்றியது. நல்ல பிறேக்கும் நல்ல ரயரும் கிடைத்தபின் இறங்குவோர் தொகை பெருகிற்று, வேகமும் பெருகிற்று. நடந்து செல்வோரும் குதிரையேறிச் செல்வோரும் முறையிட்டனர். ஒடுங்கிய நடைபாதைகள் பல சைக்கிளுக்கு மூடப்பட்டன. அகன்ற மண்பாதைகளில் மணிக்கு 15 மைலுக்கு மேற் செல்லலாகாது என விதி வந்தது. அதனை அளக்க அதிகாரிகள் கருவியுடன் நின்றதும் உண்டு. அவ்விதிக்கு அமைய இறங்கினால் றீபாக் சரிவைக் கடக்க ஏறக்குறைய 8 நிமிடங்கள் செல்லும்.