கைப்பேசியில் பூத்த தோட்டம்

உடற்பயிற்சி செய்தால் கைப்பேசித் திரையில் பூ மலரும். வார இலக்கை எட்டினால் பட்டாம்பூச்சி வரும். சன்னி கன்சோல்வோ குழுவினர் 2008-இல் வெளியிட்ட 'யூபிஃபிட் கார்டன்' ஆய்வின் அடிப்படை இதுவே. பயிற்சியைத் தவறவிட்டவருக்குத் தண்டனை கிடையாது; புல்வெளி வெறுமையாக இருக்கும், அவ்வளவுதான்.

மூன்று மாதக் கள ஆய்வில் 28 பேர் பங்கேற்றனர். குளிர்கால விடுமுறையிலும் தோட்டத்தைப் பார்த்தவர்கள் பயிற்சியைத் தொடர்ந்தனர். தோட்டம் இல்லாதவர்களிடம் அது குறைந்தது. ஆயினும் 28 பேரைக் கொண்டு பழக்கம் மாறிவிட்டது என்று கூற இயலுமா?

மனித–கணினி ஊடாட்டத் துறையை இக்கேள்வி விடாமல் துரத்தியது. பழக்கம் நிலைத்ததா என்றறியப் பெரிய, நீண்ட சோதனை தேவை. அதற்குள் கருவியே பழசாகிவிடக்கூடும். தொடக்கநிலைக் கருவிக்கு அந்த அளவுகோல் பொருந்தாது என 2011-இல் பிரெட்ராக் கிளாஸ்னியா, கன்சோல்வோ, வாண்டா பிராட் ஆகியோர் வாதிட்டனர். வடிவமைப்பின் எந்தக் கூறு பயனரிடம் எப்படி, ஏன் வேலை செய்தது என்பதையே முதலில் ஆராயவேண்டும் என்றனர்.